ஆனை போன பிறகு அடிக்கும் மணி

கல்வி உத்தியோகத்தர்களாகப் புதிதாகப் பொறுப்பேற்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பிழைதான் இருக்கிறது. சாதனைகளைச் சொல்ல வேறு ஆட்கள் வருவார்கள். அவர்களிடம் படங்களும் இருக்கும்.

முப்பத்தொரு வருடம் கல்விப் பணியில் இருந்தேன். அதில் கடைசிப் பதினொரு வருடம் வலயப் பணிமனையில், திட்டமிடலுக்குப் பொறுப்பான பிரதிக் கல்விப் பணிப்பாளராக. எந்தப் படிவம் எத்தனை பிரதியில், யாரூடாக, எந்தத் திகதிக்குள் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் அனுப்புவார்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நோயாளி தன் நோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறேன்.

ஓய்வுபெறுவதற்குச் சுமார் ஒரு வருடத்துக்கு முன் என்னை ஒரு செயலமர்வுக்கு அனுப்பினார்கள். கடற்கரையோரத்து விடுதி ஒன்றில் மூன்று நாள். பொருள்: பாடசாலைகளில் ஆசிரியர்களே முன்னெடுக்கும் புத்தாக்கமும் வடிவமைப்புச் சிந்தனையும். முதலில் பயன்படுத்துகிறவரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு பிரச்சினை எதுவென்று சரியாக வரையறுக்க வேண்டும். பல வழிகளை யோசித்து, ஒன்றைச் சிறிய அளவில் செய்து பார்த்து, பிழைத்தால் திருத்தி, மறுபடி செய்து பார்க்க வேண்டும். விளங்க வைப்பதற்காக எங்களுக்குத் தென்னை ஈர்க்குகளும் ஒட்டுநாடாவும் தந்து உயரமான கோபுரம் ஒன்று கட்டச் சொன்னார்கள். ஐம்பது வயது தாண்டிய உத்தியோகத்தர்கள் நிலத்தில் குந்தியிருந்து கட்டினோம். எங்கள் குழுவின் கோபுரம்தான் கடைசிவரை விழாமல் நின்றது. ஏனென்றால் நான் யாரையும் தொட விடவில்லை.

திரும்பி வந்த கிழமையே ஒரு சுற்றறிக்கை தயாரித்தேன். வலயத்திலுள்ள ஒவ்வொரு பாடசாலையும் தன் ஆசிரியர்களின் புத்தாக்க முயற்சி ஒன்றை முன்மொழிய வேண்டும். அதற்கு ஏழு பக்கப் படிவம், மூன்று பிரதிகள், அதிபரூடாக, கோட்டக் கல்விப் பணிமனையூடாக. படிவத்தின் ஒன்பதாம் நிரலை இன்றைக்கும் என்னால் மனப்பாடமாகச் சொல்ல முடியும்: ‘இம்முயற்சி எந்தச் சுற்றறிக்கைக்கு அமைவானது? இலக்கமும் திகதியும் தருக.’

இதுவரை எவரும் செய்யாததைச் செய்யச் சொல்லிவிட்டு, அதற்கு ஏற்கனவே அனுமதி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறேன். பணிமனையில் ஒருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

படிவங்கள் வந்தன. முக்கால்வாசிப் பேர் தொடுதிரைப் பலகை கேட்டிருந்தார்கள். சிலர் வளவு துப்புரவாக்கும் சிரமதானத்தைப் புத்தாக்கம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு அதிபர், ‘எமது பாடசாலையில் சுற்றறிக்கைகளுக்கு முரணான எந்தப் புத்தாக்கமும் இடம்பெறவில்லை என்பதை இத்தால் உறுதிப்படுத்துகிறேன்’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். அதை நான் சிரிக்காமல் மற்றப் படிவங்களோடு கோவையில் கோத்து வைத்தேன்.

ஒரேயொரு பாடசாலை ஒன்றுமே அனுப்பவில்லை. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வயல்களுக்கு நடுவே இருக்கும் ஆரம்பப் பாடசாலை. பெயர் வேண்டாம். ஐந்து வகுப்பு, அதிபரோடு சேர்த்து மூன்று ஆசிரியர்கள். அதிபர் அம்மா பெரியகல்லாற்றிலிருந்து போய்வருகிறவர். அவருக்கு இரண்டு நினைவூட்டற் கடிதங்கள் அனுப்பினேன். பதில் இல்லை. நேரில் போவதென்று முடிவெடுத்தேன்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் படுவான்கரைக்குப் போவதென்றால் வாகனத்தைப் பாதையில் ஏற்றித்தான் வாவியைக் கடப்போம். பாதை என்பது இரண்டு தோணிகளுக்கு மேல் பலகை அடித்த மிதவை. வலயத்தின் வாகனம் அதில் ஏறி அக்கரை சேருவதற்குள் பாதைக்காரர் முதற் பாடசாலைக்குத் தொலைபேசி எடுத்துவிடுவார். அந்தப் பாடசாலை அடுத்ததற்குச் சொல்லும். நாங்கள் போய் இறங்கும்போது எல்லாப் பதிவேடும் மேசையில் அடுக்கியிருக்கும். இதை எல்லோரும் அறிவார்கள். நாங்களும் அறிவோம். தெரியாதவர்கள்போல் நடந்துகொள்வது இரு தரப்புக்கும் மரியாதை.

அன்று அந்த மரியாதையை நான் மீறினேன். விடியுமுன் என் சொந்த மோட்டார் சைக்கிளில், பாலத்தால் சுற்றி, ஒருவருக்கும் சொல்லாமல் போனேன். ஏழு இருபத்தைந்துக்கு வாசலில் நின்றேன்.

பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. அதிபர் அம்மாவும், காத்தான்குடியிலிருந்து வரும் இளம் ஆசிரியர் ஒருவரும் வாங்கில் அமர்ந்து கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தார்கள். மற்ற ஆசிரியை அன்று விடுமுறை. என்னைக் கண்டதும் இருவரும் எழுந்தார்கள். பயப்பட்டதாகத் தெரியவில்லை. களைப்பு மாதிரி ஒன்றுதான் தெரிந்தது.

“புள்ளைகள் எங்க?” என்றேன்.

“வருவாங்க சேர். இன்னும் சொல்லி வரல்ல” என்றார் அதிபர்.

“ஆரு சொல்லணும்?”

ஆசிரியர் தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். “பரணில காவல் இரிக்கிற ஆக்கள் சேர். வட்டைக்க நிக்கிற ஆனை காட்டுக்கு ஏறினதும் சொல்லுவாங்க. மறுகாதான் புள்ளைகள் வெளிக்கிடும்.”

கதிர் முற்றும் காலம். இரவில் வயல் வட்டைக்குள் இறங்கும் யானைகள் சில நாள் ஆறு மணிக்குக் காடு ஏறும். சில நாள் எட்டு மணியாகும். பிள்ளைகள் அந்த வட்டையின் வரம்பால்தான் நடந்து வர வேண்டும். இவ்வளவும் அன்று அவர் சொன்னார். நான் கேட்டேனா என்றால், காதில் விழுந்தது என்றுதான் சொல்லலாம்.

எட்டு நாற்பதுக்குப் பிள்ளைகள் இரண்டு வரிசையாக வந்தார்கள். முன்னும் பின்னும் ஆனைவெடியோடு இரண்டு தகப்பன்மார். மணி அடித்தது. காலைக் கூட்டம் நடந்தது. நான் பதிவேட்டைத் திறந்தேன். அதில் காலைக் கூட்டம் ஏழு முப்பது என்றிருந்தது. முந்தின நாளும் ஏழு முப்பது. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான்.

“நேர மாற்றத்துக்கு அனுமதி எடுத்தீங்களா?”

“கேட்டாக் கிடைச்சிருக்கும் எண்டு நினைக்கிறீங்களா சேர்?”

“அது வேற கேள்வி.”

ஆசிரியர்தான் சொன்னார்: “பின்னேரம் கூட நேரம் வச்சுப் படிப்பிக்கிறம் சேர். ஒரு பாடமும் விடல்ல.”

“அது எந்தப் பதிவில இரிக்கு?”

ஒரு பதிவிலும் இல்லை. அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு திருப்தி வந்தது. மறைக்காமல் சொல்கிறேன். ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தவனின் திருப்தி அது. இந்த உத்தியோகத்தில் அது உங்களுக்கும் வரும். வரும்போது பேனையைக் கீழே வைத்துவிடுங்கள்.

நான் வைக்கவில்லை. மேலதிகாரிகள் வந்து பதிவிடும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி மூன்று விடயம் எழுதினேன். ஒன்று, பாடசாலை அனுமதியின்றித் தாமதித்து ஆரம்பிக்கப்படுகிறது. நாளை மறுநாள் முதல் ஏழு முப்பதுக்கு ஆரம்பிக்க வேண்டும். இரண்டு, பதிவேட்டில் உண்மைக்குப் புறம்பான நேரம் இடப்பட்டுள்ளது. மூன்றாவது பாராட்டு. வகுப்பறைச் சுவர் நிறைய ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பிள்ளைகள் வரைந்தது. வீடுகள், வாய்க்கால், வரம்பு, அங்கங்கே பெரிய காது வைத்த யானைகள். ‘சுவர்ச் சித்திரம் நன்று’ என்று எழுதினேன்.

புறப்படும்போது, “படிவம் ஏன் அனுப்பல்ல?” என்று கேட்டேன்.

“ஒன்பதாம் நிரலுக்கு என்ன எழுதுறதெண்டு தெரியல்ல சேர்.”

“கோட்டத்தில கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாங்களே.”

“ஓம் சேர்” என்றார்.

அந்தக் கிழமையே அவரிடமிருந்து கடிதம் வந்தது. தங்கள் பதிவின் பிரகாரம் பாடசாலை உரிய நேரத்துக்கு ஆரம்பிக்கப்படுகிறது என்று. அதில் ஒரு சரி அடையாளம் போட்டுக் கோவைக்கு அனுப்பினேன்.

மூன்றாவது கிழமை, காலை ஏழு மணி போல அந்த ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். வணக்கம் சொல்லவில்லை. “சேர், ஆனை மறிச்சிட்டு. நாலாம் ஆண்டுப் புள்ள ஒண்டு வாய்க்காலுக்க விழுந்து கிடக்கு. ஆனை இன்னும் போகல்ல.”

பிறகு தெரிந்தது இதுதான். ஏழு முப்பதுக்கு நிற்க வேண்டுமென்றால் ஆறரைக்கே வெளிக்கிட வேண்டும். பரணிலிருந்து சொல்லி வரும்வரை காத்திருக்க முடியாது. அன்று ஒன்பது பிள்ளைகள் வரம்பால் வரும்போது வெட்டாமல் நின்ற வயலுக்குள்ளிருந்து ஒரு யானை எழும்பியது. பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். அந்தப் பெண்பிள்ளை வாய்க்காலின் கொங்கிறீற்று விளிம்பில் அடிபட்டு உள்ளே விழுந்தாள். தொடையெலும்பு முறிந்தது. யானை சற்றுத் தள்ளி நின்றுகொண்டது. வெடி போட்டால் எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாததால் எவரும் வெடி போடவில்லை. தகப்பன் அரை மணித்தியாலம் வரம்பில் நின்று மகளைப் பார்த்து, அழாதே மனே, அசையாதே மனே என்று சொல்லிக்கொண்டேயிருந்தாராம். பிள்ளை அழவில்லை.

மறுநாளிலிருந்து பாடசாலைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பெற்றோர் ஒருவரும் அனுப்பவில்லை. ஒரு கிழமை போயும் அதே நிலைதான். சின்னப் பாடசாலைகளுக்கு இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். வரவு இல்லாவிட்டால் முதலில் ஆசிரியர்களை வேறிடத்துக்கு எடுப்பார்கள், பிறகு கதவைப் பூட்டுவார்கள். அடுத்த பாடசாலை அங்கிருந்து ஆறு கிலோமீற்றர். அதற்குப் போகும் வழியும் வட்டைதான்.

வலயப் பணிப்பாளர் என்னைப் போகச் சொன்னார். இந்த முறை பாதையால் போனேன். பாதைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுக்கவில்லை.

பெற்றோர் கூட்டம் அந்த வகுப்பறையிலேயே நடந்தது. நான் போய் அமரும்போதே தொடங்கிவிட்டது. அவர்களுடைய கோபம் முழுவதும் அதிபர் மேலே இருந்தது.

“நல்லாத்தானே நடந்துகொண்டிருந்தது மெடம். ஆரு உங்களுக்கிட்டே நேரத்தை மாத்தச் சொன்ன?” என்றார் ஒருவர்.

“நீங்க ஆத்துக்கு அங்கால இரிந்து வாறீங்க. உங்களுக்கென்ன, புள்ள எங்கடதானே” என்றாள் ஒரு பெண்.

அதிபர் தலை குனிந்து நின்றார். “நான்தான் மாத்தினன்” என்றார்.

என் பெயரை அவர் சொல்லவில்லை. என் பதிவு இருக்கும் புத்தகம் அவருக்குப் பின்னால் அலுமாரியில் இருந்தது. அதை எடுத்து ஒரு பக்கம் புரட்டினால் போதும், அவருக்கு விடுதலை. அவர் எடுக்கவில்லை. எடுக்கமாட்டார் என்றும் எனக்கு விளங்கியது. மேலதிகாரியின் பதிவைப் பெற்றோருக்குக் காட்டக்கூடாது என்பது நடைமுறை. அந்த நடைமுறையைப் பல வருடங்களாக அதிபர்களுக்குப் படிப்பித்தவன் நான்.

காத்தான்குடி ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இவன் என்ன செய்யப் போகிறான் பார்ப்போம் என்பதுபோல்தான் இருந்தது.

ஒரு உத்தியோகத்தர் பேசாமலிருப்பதற்கு எத்தனை நல்ல காரணங்கள் உண்டென்று எனக்குத் தெரியும். விசாரணை நடக்கலாம். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. பணிமனையின் மதிப்பு. அத்தனையும் வரிசையாக ஞாபகம் வந்தன.

“மெடம் மாத்தல்ல. மாத்தச் சொல்லி எழுதினது நான்தான்” என்றேன்.

அந்தப் பிள்ளையின் தகப்பன் பின்வாங்கில் இருந்தார். எழும்பாமலே சொன்னார்: “அப்ப சேர்தானா. சேர்ர எழுத்த ஆனை வாசிக்கல்லப் போல.”

“வாசிச்சிருந்தா விளக்கம் கேட்டிருக்கும்” என்றாள் முன்பு பேசிய பெண்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

“பழைய மாதிரியே நடத்தலாம். நாளைக்கே தொடங்கலாம்” என்றேன்.

“வாயால சொல்றீங்க சேர். நாளைக்கு நீங்க மாறிப்போய் இன்னொரு சேர் வருவாரு. புத்தகத்தில என்ன இரிக்கோ அதைத்தான் பாப்பாரு. மறுகா மெடம்தான் மாட்டுவா, எங்கட புள்ளைகள்தான் விழும்.” தகப்பன் இதைச் சத்தம் போடாமல் சொன்னார். “எழுதின புத்தகத்திலேயே எழுதித் தாங்க. அப்ப அனுப்புறம்.”

நான் வெளியே வந்து பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வாயால சொல்லிப்போட்டு வாங்க. எழுத்தில ஒண்டும் குடுத்திடாதீங்க. பாடசாலை நேரத்த மாத்துற அதிகாரம் உங்களுக்குமில்ல, எனக்குமில்ல. மேலிடத்துக்கு எழுதுவம்” என்றார்.

“பதில் வர எவ்வளவு நாள் சேர்?”

“உங்களுக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். அந்தக் கடிதம் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசைகளில் தங்கும், எந்த இணைப்பு இல்லையென்று எங்கிருந்து திரும்பி வரும் என்பதைப் படம் போட்டுக் காட்டுவேன். யானைகளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. பெற்றோருக்கும் இருக்க வேண்டியதில்லை.

அறிந்து செய்கிற பிழைக்கும் அறியாமல் செய்கிற பிழைக்கும் உள்ள வித்தியாசம் அன்று எனக்கு விளங்கியது. முதல் முறை அந்தப் புத்தகத்தில் எழுதியபோது என் பக்கம் ஒவ்வொரு விதியும் இருந்தது. இப்போது ஒன்றுமே இல்லை. எந்தெந்த விதி இல்லையென்றும் தெரியும்.

உள்ளே வந்து புத்தகத்தைக் கேட்டேன். அதிபர் எடுத்துத் தந்தார். எழுதியதை வாசித்துக் காட்டினேன்:

‘இப்புத்தகத்தில் நான் முன்னர் இட்ட பதிவு தவறானது. பிள்ளைகள் வரும் வழியை நான் பார்க்கவில்லை. அதிபரும் ஆசிரியர்களும் பிள்ளைகளின் பாதுகாப்புக் கருதி வகுத்த ஒழுங்கின்படி, வட்டை பாதுகாப்பானது என்று உறுதியான பின்னரே பாடசாலை ஆரம்பிக்கலாம். உண்மையான நேரத்தைப் பதிவேட்டில் இடவும். இதற்குரிய பொறுப்பு என்னுடையது.’

கையொப்பமிட்டேன்.

“சீல்?” என்றார் தகப்பன்.

முத்திரை பணிமனையில் இருந்தது. மறுநாள் அதற்காகவே திரும்பவும் போனேன். நான் போனபோது மணி எட்டு ஐம்பது. பிள்ளைகள் அப்போதுதான் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள்.

முத்திரை குத்திவிட்டு அந்தச் சுவர்ப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். இது என்ன என்று முதன்முறையாகக் கேட்டேன். ஆசிரியர் விளக்கினார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து வரும் வழியை வரைந்திருக்கிறது. யானையைக் கண்ட இடத்தில் யானை. முதலில் அவர்கள் உழவு இயந்திரத்தில் பிள்ளைகளை ஏற்றிவரப் பார்த்தார்கள். வரம்பில் அது ஏறாது. பிறகு ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பார்த்தார்கள். யானைக்கு மணிக்கூடு இல்லை, ஒன்பதுக்கும் நின்றது. மூன்றாவதாகத்தான் பரண்காரர்களைச் சேர்த்து, குறித்த நேரம் இல்லாமல், வழி வெளித்த பிறகு மணி அடிப்பது என்று வைத்தார்கள். அது சரிவந்தது.

நான் விடுதியில் ஈர்க்கு வைத்துப் படித்தது ஒன்றும் விடுபடாமல் அந்தச் சுவரில் இருந்தது. அதற்குத்தான் ‘சித்திரம் நன்று’ என்று எழுதியிருந்தேன்.

“இப்பிடிச் செய்யிறதுக்கு ஒரு பேர் இரிக்கு” என்றேன்.

“என்ன பேர் சேர்?”

சொன்னேன்.

“பேர் தெரியாமச் செய்ததாலதான் பிழையாப் போச்சுப் போல” என்றார் ஆசிரியர். அதிபர் அவரை முறைத்தார். நான் முறைக்கவில்லை. எனக்கு அது கிடைக்க வேண்டியதுதான்.

அதிகாரமின்றிப் பாடசாலை நேரத்தை மாற்றியது பற்றி என்னிடம் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. அதில் கோவை இலக்கம் பிழையாக இருந்தது. அதைத் திருத்திவிட்டு, ஆம், மாற்றினேன், காரணம் சம்பவத்திரட்டில் உள்ளது என்று பதில் எழுதினேன். என் சுயவிபரக் கோவையில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. முப்பது வருடம் சுத்தமாக இருந்த கோவை. சில நாட்கள் அது எனக்கு வலித்தது. பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கோவையைப் பற்றி யோசிக்கவில்லை.

இதற்கிடையில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. என் இரண்டாவது பதிவை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அது வலயத்திலுள்ள அத்தனை ஆசிரியர்களின் தொலைபேசிக்கும் போயிருந்தது. முதலில் களுதாவளைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் வந்தார். கதவைச் சாத்திவிட்டு, “சேர், அது உங்கட எழுத்துத்தானா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அப்போது அவர், மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளை வகுப்புப் பிரிவு பார்க்காமல் ஒன்றாகச் சேர்த்து நான்கு வருடமாகப் படிப்பித்து வருவதாகச் சொன்னார். மேற்பார்வைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் பிள்ளைகளைத் தத்தம் வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிடுவாராம். பிறகு இன்னொருவர் வந்தார். அவருக்குப் பின் வேறொருவர்.

எங்களுடையது புத்தாக்கம் இல்லாத வலயம் அல்ல. அதை எங்களிடமிருந்து ஒளித்து வைக்கப் பழகிய வலயம். நாங்கள் செயலமர்வு வைத்துத் தேடியது, நாங்கள் வரும் சத்தம் கேட்டதும் அலுமாரிக்குள் போய்விடுகிற ஒன்றை. படிவத்தைக் கிழித்துப் போட்டேன். மாதத்துக்கு ஒரு நாள் என் அறையில் கதவு திறந்திருக்கும், வந்து கதைக்கலாம், ஒன்றும் எழுதப்படாது என்று சொன்னேன். எழுதாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கடினம் என்பதை என்னோடு வேலை செய்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவும் நடந்த பிறகும் எனக்குப் புத்தி முழுதாக வரவில்லை. அந்த மணி முறையைப் படுவான்கரையின் எல்லாப் பாடசாலைகளுக்கும் ஏற்பாடு செய்யலாமென்று ஒரு சுற்றறிக்கை வரைவு எழுதினேன். அதிபரிடம் வாசித்துக் காட்டத் தொலைபேசி எடுத்தேன். பாதி கேட்டுவிட்டு, “வேணாம் சேர்” என்றார். “எங்கட மணியைக் கொண்டுபோய் அங்க அடிக்காதீங்க. அங்கத்தப் புள்ளைகளுக்குப் பிரச்சின ஆனையில்ல, தண்ணி. அவங்கள் அவங்கட புள்ளைகளுக்கிட்டக் கேக்கட்டும்.” வரைவையும் கிழித்தேன். அந்த மாதம் நான் நிறையக் கிழித்தேன்.

பிள்ளை மூன்று மாதம் கழித்துப் பாடசாலைக்கு வந்தாள். தகப்பன் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தார். ஒரு கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. ஓடுவாள், ஆனால் மற்றவர்களைப்போல் அல்ல. நான் வகுப்புக்குள் போனபோது மற்றப் பிள்ளைகளோடு அவளும் மேசையைப் பிடித்து எழுந்து காலை வணக்கம் சொன்னாள்.

அன்றுதான் மேலிடத்து அனுமதிக் கடிதத்தைக் கொண்டுபோயிருந்தேன். நேர மாற்றம் அங்கீகரிக்கப்பட்டிருந்தது. அறுவடை முடிந்து, யானைகள் அந்தப் பக்கத்தை விட்டுப் போய் ஒரு மாதமாகியிருந்தது. அதிபர் கடிதத்தை வாசித்து, மடித்து, மேசையில் வைத்தார்.

“நல்லது சேர். ஆனா மாரிக்கு இது உதவாது” என்றார். “மழை துவங்கினா வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் புள்ளைகள் வர ஏலாது. அவங்களுக்குக் கிழமையில மூணு நாள் அங்கேயே ஒரு வீட்டில வகுப்பு வைக்கலாமா எண்டு நாங்க மூணு பேரும் கதைச்சிரிக்கம். இதுக்கும் அனுமதி இல்ல.”

“செய்து பாருங்க. புத்தகத்தில நான் எழுதுறன்.”

எழுதினேன். அவர் அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல் வைத்திருந்தார்.

“சேர் எப்ப ஓய்வு?”

“இன்னும் அஞ்சு மாதம்.”

“மாரி வர ஏழு மாதம் இரிக்கு சேர்” என்றார். “அப்ப ஆரு எழுதுவாங்க?”

பாதையில் திரும்பி வரும்போதும், ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு பெயரும் எனக்குக் கிடைக்கவில்லை. உங்களோடு பேச வரச் சொன்னபோது நான் மறுக்காமல் சம்மதித்தது அதனால்தான்.